ஒரு வருசத்துக்கு மாலை கிடையாது

அக்கா, அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கறீங்களா? எனக்கு ஜன்னல் ஓரம் வேணும். காத்துக்கு இல்ல. திருவெறும்பூர் தாண்டினதும் ஒரு ஆளைப் பாக்கணும், அதுக்கு. நல்லா இருப்பீங்க. கேரியர் சாஞ்சிடுமோன்னு பயந்துக்கிட்டே பால்பண்ணையிலேருந்து நின்னுக்கிட்டு வர்றேன். விரால் மீன் குழம்பு. வாசனை வருதா? வரும். பஸ்ஸுக்கே வருது.

எங்க வீட்டுக்காரருக்குத்தான். துவாக்குடி ரோட்ல ஒரு இரும்பு ஷெட்ல வெல்டரா இருக்காரு. காலையில சாப்பாட்ட மறந்துட்டுப் போயிட்டாரு. மறந்துட்டாருன்னா, உங்ககிட்ட எதுக்குப் பொய், நான்தான் கேரியரை அரிசி டிரம்முக்குப் பின்னாடி எடுத்து வச்சேன். அவரு தேடினாரு. "குழம்பு இன்னும் கொதிக்கலைங்க, நீங்க கிளம்புங்க, நான் கொண்டாந்து தர்றேன்"னு சொன்னேன். அடுப்ப அணைச்சு அரை மணி நேரம் ஆச்சு. அவரு அடுப்பைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. ரெண்டு வருசம் கழிச்சு செருப்பு போடறாரு, கால் உள்ள நுழையவே மாட்டேங்குது.

ஏன் ஒளிச்சு வச்சேன்னு கேக்கறீங்களா? பதினோரு மணிக்கு ஷெட்ல டீ நேரம். எதிர்த்தாப்புல கடை. எல்லாரும் அங்க வந்து நிப்பாங்க. அந்த நேரத்துக்கு நான் போய்ச் சேரணும். அவரு கையில என்ன இருக்குன்னு பாக்கணும். டீ கிளாஸ் மட்டும் இருந்துச்சுன்னா சரி. இன்னொரு கையில வேற ஏதாச்சும் இருந்துச்சுன்னா... அத நான் வாயால சொல்ல மாட்டேன்.

கல்யாணத்துக்கு அப்புறம் மட்டுமே இருபத்தாறு வருசம் குடிச்சாருக்கா. ஐயோ, சிகரெட்டத்தான் சொல்றேன். மத்தது கிடையாது, அந்த விசயத்துல தங்கம். ஆனா சிகரெட்டு? எழுந்ததும் ஒண்ணு, டீக்கு ஒண்ணு, பாத்ரூமுக்கு ஒண்ணு, சாப்பிட்டா ஒண்ணு, சாப்பாடு லேட்டானா அதுக்கு ஒண்ணு. கல்யாணத்தன்னிக்கு மேடையில ஹோமப் புகை வந்தப்ப எல்லாரும் கண்ணக் கசக்கிக்கிட்டு இருக்காங்க, இவரு மட்டும் மூக்க நீட்டி இழுக்கறாரு. அன்னிக்கே நான் எழுந்து ஓடியிருக்கணும்.

விடறேன் விடறேன்னு எத்தனை தடவை விட்டாருன்னு எனக்குக் கணக்கே இல்ல. சூடத்துல சத்தியம் பண்ணாரு. கிராம்பு மென்னாரு. ஆரஞ்சு மிட்டாய் சப்பினாரு, பல்லு போனதுதான் மிச்சம். ஏதோ சூயிங்கம் இருக்காம், சிகரெட்டுல இருக்கிற சத்தே அதுல இருக்குமாம், அதை மெல்லுவாரு. மென்னுக்கிட்டே போய் ஒண்ணு பத்த வைப்பாரு. எனக்கு ராத்திரி தூக்கமே கிடையாது. அவரு இருமற சத்தம் வரும். இருமினா பயமா இருக்கும். இருமலைன்னா அதைவிடப் பயமா இருக்கும், எழுந்து மூக்குக்கிட்ட கைய வச்சுப் பாப்பேன். அப்படியே இருபத்தாறு வருசம் போச்சு.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கார்த்திகையில ஷெட் ஆளுங்க சபரிமலைக்குக் கிளம்பினாங்க. இவரும் கன்னிசாமியா மாலை போட்டுக்கிட்டாரு. அக்கா, சொன்னா நம்ப மாட்டீங்க. நாப்பத்தெட்டு நாள்! ஒரு சிகரெட் இல்ல. ரெண்டு வேளையும் பச்சைத் தண்ணிக் குளியல், கறுப்பு வேட்டி, வெறுங்கால். ஷெட்டுக்குள்ள ஷூ போட்டுக்கலாம்னு குருசாமி விலக்கு குடுத்தாரு, நெருப்புல வேல பாக்கற சாமியாச்சே. ஒரு வாரம் எரிஞ்சு எரிஞ்சு விழுந்தாரு. மூணாவது வாரம் இருமல் நின்னுச்சு. நான் படுத்ததும் தெரியாது, விடிஞ்சதும் தெரியாது. கல்யாணம் ஆன நாளா அப்படித் தூங்கினதில்ல.

ஆனா மலைக்குப் போயிட்டு வந்தா மாலையைக் கழட்டணும்ல? எங்க எதிர் வீட்டு ஆளு கழட்டினாரு. மாலையை ஆணியில மாட்டினாரு. அது ஆடி நிக்கறதுக்குள்ள தெருமுனைக்குப் போய்ப் பத்த வச்சிட்டாருக்கா! உடனே காலண்டரைப் பாத்தேன். தைப்பூசம் வருது. பச்சை வேட்டி ஒண்ணு எடுத்து வச்சேன்.

இவரு மலையிலேருந்து வந்தாரு. கோயில்ல இந்தப் பக்கம் ஐயப்பன் மாலையைக் கழட்டினாங்க, அந்தப் பக்கம் முருகன் மாலையப் போட்டாச்சு. குருசாமி என்னைப் பாத்தாரு. "ஒரு நாள் இடைவெளி வேண்டாமாம்மா?"ன்னாரு. வேண்டாம் சாமின்னுட்டேன். பழனிக்கு நடந்தே போயிட்டு வந்தாரு. அதுக்குள்ள சமயபுரத்தா பச்சைப் பட்டினி விரதம் வந்துச்சு. ஊருக்காக ஆத்தாளே பட்டினி கிடக்கறா, நம்ம இருக்கக்கூடாதான்னு மஞ்ச வேட்டி. அது முடிஞ்சு வைகாசி விசாகம். அப்புறம் ஆடி, சிவப்பு. புரட்டாசி பெருமாளுக்கு. ஐப்பசியில கந்த சஷ்டி. மறுபடியும் கார்த்திகை. ஷெட்ல இவருக்கு சிக்னல் லைட்டுன்னே பேரு வச்சுட்டாங்க.

நான் வற்புறுத்தினேன்னு நெனச்சுக்காதீங்க. நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல. வேட்டியை மட்டும் எடுத்துக் கட்டில் மேல வச்சிருவேன். அவரா வந்து பாப்பாரு. "ராத்திரி தூங்கினியா தமயந்தி?"ன்னு கேப்பாரு. "கட்டை மாதிரித் தூங்கினேன்"னு சொல்வேன். "அப்ப சரி"ன்னு எடுத்துக் கட்டிக்குவாரு. ஒவ்வொரு தடவையும் இதே கேள்விதான். நான் தூங்கறதுக்கும் அவரு வேட்டிக்கும் என்ன சம்பந்தம்? வயசானா ஆம்பளைங்க இப்படித்தான் சம்பந்தமில்லாம ஏதாச்சும் கேட்டுக்கிட்டு இருப்பாங்க.

எனக்கும் சும்மா இல்லக்கா. ரெண்டு வருசம் வீட்ல கறி மீன் கிடையாது. தனிப் பாத்திரம், தனிப் பாய். சொந்தக்காரங்க வீட்டு விசேசத்துல பிரியாணி மணக்குது, நாங்க ரெண்டு பேரும் ஓரமா உக்காந்து தயிர்சாதம். தெருவே இவரை "சாமி சாமி"ன்னு கூப்பிடுது. ஒரு பொண்ணு கைக்குழந்தையத் தூக்கிட்டு வந்துட்டா, வீறிட்டு அழுவுது, திருநீறு போடுங்க சாமின்னு. இவரு திருதிருன்னு முழிக்கறாரு. அப்புறம் பூசி விட்டு ஊதினாரு பாருங்க. இருபத்தாறு வருசமா புகைய மட்டுமே ஊதின வாயி! எனக்கு சிரிப்பு தாங்கல, அடுப்படிக்கு ஓடிட்டேன். குழந்த என்னவோ அழுகைய நிறுத்திடுச்சு.

நடுவுல ஒரு நாள் சட்டையத் துவைக்கப் போட்டேன், பையில ஒரு சீட்டு. பெரிய ஆஸ்பத்திரில குடுக்கற சீட்டு. புகையிலைப் பழக்கத்த விடறதுக்கு ஆலோசனையாம். வியாழக்கிழமை வியாழக்கிழமை போயிருக்காரு. தேதியப் பாத்தா, முதல் மாலை போடறதுக்கும் ஒரு மாசம் முன்னாடியிலேருந்து! எனக்கு வந்துச்சே கோவம். நான் இங்க ஊர்ல இருக்கிற அத்தனை சாமியையும் வரிசையா நிக்க வச்சு வேலை வாங்கிக்கிட்டு இருக்கேன், இவரு சந்தேகப்பட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறாரு.

கேட்டா, "அங்க ஒரு அம்மா பொறுமையாப் பேசுவாங்க தமயந்தி. ஆசை வந்தா அஞ்சு நிமிசம்தான் இருக்குமாம். அந்த அஞ்சு நிமிசம் தண்ணியக் குடிச்சிட்டு, வேற வேலையப் பாத்தா அதுவே போயிடும்னாங்க. இப்பல்லாம் வர்றதே இல்ல"ன்னாரு. அஞ்சு நிமிசம்னு சொல்றதுக்கு ஒரு படிப்பு, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி! "வர்றதில்லைன்னா அது சாமி புண்ணியம்"னு சொன்னேன். "இருக்கும்"னாரு. "நீ வேணும்னா ஒரு நாள் காப்பிய விட்டுப் பாரு, அஞ்சு நிமிசம்னா என்னன்னு புரியும்"னாரு. விட்டேனே. எனக்கென்ன பயம். பத்து மணிக்குத் தலைவலி மண்டையப் பொளந்துச்சு, பத்தேகாலுக்குப் போட்டுக் குடிச்சிட்டேன். ஆனா காப்பி வேறக்கா. காப்பிக்கு யாராச்சும் மாலை போடுவாங்களா?

நீங்க துவாக்குடியிலயா இறங்கறீங்க? அப்ப சரி, எனக்கு அப்புறம்தான் நீங்க. இது என்ன, காட்டூரா? இன்னும் நேரம் இருக்கு.

இவரோட அண்ணன் ஒருத்தர், எனக்கு மூத்தாரு, லால்குடியில இருந்தாரு. பீடி. தம்பிக்குப் பதினஞ்சு வயசுல மொத இழுப்பு பழக்கி விட்டதே அவருதான். கடைசியில நுரையீரல் போச்சுன்னுட்டாங்க. வீட்லயே ஒரு மிசினு, மூக்குல குழாயி. பத்தடி நடந்தா பத்து நிமிசம் மூச்சு வாங்குவாரு. போன மாசம் பாக்கப் போனோம். இவரு மஞ்ச வேட்டி, மஞ்ச துண்டு, கழுத்துல மாலை. அண்ணன் பக்கத்துல உக்காந்தாரு. அந்த மனுசன் குழாயோட என்ன கேக்கறாரு தெரியுமா? "கனகு, ஒரே ஒரு பீடி பத்த வச்சுக் குடுறா. ஒரு இழுப்பு. யாருக்கும் தெரியாது."

அண்ணன் சொன்னா தட்ட மாட்டாரு இவரு. வாசப்படிய விட்டு நான் நகரல. இவரு அண்ணன் கையப் பிடிச்சுக்கிட்டாரு. "அண்ணே, ஒரு அஞ்சு நிமிசம் என் கையப் பிடிச்சுக்கங்க. போயிடும்"னாரு. அவரு கெட்ட வார்த்தையில திட்டினாரு. அஞ்சு நிமிசம் போச்சு. கொஞ்சம் அடங்கினாரு. திரும்பவும் கேட்டாரு. "இன்னொரு அஞ்சு நிமிசம்ணே." தண்ணி குடுத்தாரு. சின்ன வயசுல ரெண்டு பேரும் வாய்க்கால்ல மீன் பிடிச்ச கதையச் சொன்னாரு. அப்படியே அஞ்சஞ்சு நிமிசமா அந்த மத்தியானம் பூரா ஓடுச்சுக்கா. கடைசியில அவரு இவரு கையப் பிடிச்சபடியே தூங்கிட்டாரு. நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். இருபத்தெட்டு வருசம் இந்த மனுசனோட குடித்தனம் பண்றேன், அன்னிக்கு வந்த பாசம் எனக்கு வேற என்னிக்கும் வந்ததில்ல.

ஆனா ஒண்ணு, கழுத்துல மாலை இருந்துச்சு. அது இல்லாட்டி என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாது.

அடுத்த பத்து நாள்ல மூத்தாரு போயிட்டாரு. கூடப்பிறந்த அண்ணனாச்சே, தீட்டு. குருசாமி வந்து மாலையக் கழட்டிட்டாரு. கழட்டிட்டுச் சொல்றாரு, "பங்காளி சாவும்மா. ஒரு வருசத்துக்கு மாலை கிடையாது." ஒரு வருசம்! ஐயப்பன் இல்ல, முருகன் இல்ல, ஆத்தா இல்ல. யாரை நம்பி நான் இவரை வெளிய அனுப்பறது? எழவு வீடுன்னு கூடப் பாக்காம குருசாமி பின்னாடியே ஓடிப் போய், "சாமி, ஒரு ஆறு மாசமாக் குறைச்சுக்கக் கூடாதா"ன்னு அழுதேன். மூத்தாரு மேல இவளுக்கு எவ்வளவு பாசம் பாருன்னு ஊரே பேசுச்சாம்.

சுடுகாட்டுக்குப் பொம்பளைங்க போக முடியாதுல்ல. அங்கதான் எல்லாரும் வட்டமா உக்காந்து ஊதுவாங்க. இவரு திரும்பி வந்து குளிக்கப் போனாரு, கழட்டிப் போட்ட சட்டைய நான் எடுத்து மோந்து பாத்தேன். என் மூக்கு சாதாரண மூக்கு இல்லக்கா. வெல்டிங் புகை வேற, சிகரெட்டுப் புகை வேற, சாம்பிராணி வேற, பிரிச்சுச் சொல்லிடும். ஆனா அன்னிக்கு சுடுகாட்டுப் புகை எல்லாத்தையும் மூடிடுச்சு. எனக்கு ஒண்ணும் பிடிபடல. அன்னிக்குப் போன தூக்கம் இன்னிக்கு வரைக்கும் வரல.

பதினெட்டு நாள் ஆச்சு. தினமும் சட்டைய மோந்து பாக்கறேன். சாமி விளக்குக்கு வச்சிருக்கிற தீப்பெட்டியில குச்சிய எண்ணி வைக்கிறேன். வாய்க்கிட்ட போய்ப் பேசறேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது, அவ்வளவு நாசூக்காப் பண்றேன். இத்தனை நாள் காரியம், வீடு, சொந்தக்காரங்கன்னு என் கண்ணு முன்னாடிதான் இருந்தாரு. இன்னிக்குத்தான் மொத நாள் ஷெட்டுக்குப் போறாரு. வெறுங்கழுத்தா. பதினோரு மணிக்கு எதிர்க்கடையில அத்தனை பேரும் பத்த வைப்பாங்க. அவருக்கு ஒண்ணு நீட்ட மாட்டாங்களா? அண்ணன் போன துக்கம் வேற. "ஒண்ணே ஒண்ணு போட்டா மனசு ஆறும் கனகு"ன்னு ஒருத்தன் சொன்னா போதாதா?

திருவெறும்பூர் தாண்டிடுச்சா? நேரம் என்னக்கா? பதினொண்ணு அஞ்சா? சரியான நேரம். அந்த நீல ஷட்டர் போட்ட ஷெட்டுதான். இங்க வண்டி ரெண்டு நிமிசம் நிக்கும், நேரம் பாத்துத்தான் எடுப்பாங்க.

அதோ கடை. அதோ ஷெட்டு ஆளுங்க. ஒண்ணு, ரெண்டு, அஞ்சு பேரு. புகைமூட்டமா இருக்கு பாருங்க. இவரு? இவரைக் காணோமே. அக்கா, கொஞ்சம் பாருங்க, சாம்பல் கலர் சட்டை, முன்னாடி வழுக்கை. இல்லியா? அப்ப எங்க போனாரு? கடைக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்கு. அங்க மறைஞ்சு நின்னுதான்... எனக்குத் தெரியும்க்கா. எனக்கு அப்பவே தெரியும். இறங்கறேன், கொஞ்சம் வழி விடுங்க...

ஐயோ, யாரு ஜன்னலத் தட்டறது?

நீங்களா! இங்க பஸ் ஸ்டாப்புல என்ன பண்றீங்க? டீ குடிக்கப் போகலியா? எனக்காகவா நிக்கறீங்க? பத்தரை மணியிலேருந்தா? இது மூணாவது பஸ்ஸா? நான் வருவேன்னு உங்களுக்கு யாரு சொன்னது? அரிசி டிரம்முக்குப் பின்னாடி... பாத்துட்டீங்களா? பாத்துட்டு ஏன் சொல்லல?

ஐய, என்ன பண்றீங்க! வாயத் தொறந்து ஊதிக் காட்டறீங்க, நடு ரோட்ல, சின்னப் புள்ள மாதிரி! பஸ்ஸே பாக்குது. வேண்டாம். நான் மோந்து பாக்கல. மூக்கத் திருப்பிக்கிட்டேன், பாத்தீங்களாக்கா? நீங்க சாட்சி.

என்ன? குருசாமியப் பாத்தீங்களா? எப்ப? காலையில வர்ற வழியிலயா? ஒரு வருசம்னு சொன்னவரே இப்ப முப்பது நாள் போதும், அதுக்கு மேல போட்டுக்கலாம்னு சொன்னாரா? எதுக்குக் கேட்டீங்க? உங்களுக்கு ஆசை வந்துடுச்சா? சொல்லுங்க. வந்துடுச்சா?

வரலியா? அப்புறம் எதுக்கு மாலை?

நான் தூங்கறதில்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் குறட்டை விட்டுக்கிட்டு... குறட்டை இல்லியா? சும்மா கண்ண மூடிக்கிட்டுக் கிடந்தீங்களா, பதினெட்டு நாளும்? அப்ப அந்தப் பச்சை, மஞ்ச, சிவப்பு, அவ்வளவும்? உங்களுக்கு ரெண்டாவது மாலையிலயே ஆசை விட்டுப்போச்சா? ரெண்டு வருசம் வெறுங்காலோட நடந்தது...

அக்கா, கேட்டீங்களா இவரு சொல்றத? நான் தூங்கணும்னு போட்டுக்கிட்டாராம்.

வேண்டாங்க. கேக்குதா? முப்பது நாள்லயும் வேண்டாம், ஒரு வருசத்துலயும் வேண்டாம். சாமி கும்பிடணும்னு உங்களுக்குத் தோணினா போட்டுக்கங்க. எனக்காகப் போட வேண்டாம். எனக்குத் தூக்கம் வரலைன்னா நான் முழிச்சிருந்துட்டுப் போறேன். இந்தாங்க, ஜன்னல் வழியா வாங்கிக்கங்க, மேல் அடுக்கு சூடா இருக்கும், அடியில பிடிங்க. அந்தப் பயலுங்களுக்கும் ரெண்டு துண்டு குடுங்க, அங்கயே நின்னு பேசிக்கிட்டு சாப்பிடுங்க. நான் பாக்கல.

கண்டக்டரே, விசில் அடிங்க. நான் இறங்கல.